கத்தாத தங்கம்

"கையெழுத்தா? போட மாட்டேன்மா. வேணும்னா கைய வெட்டிக் கொண்டு போகட்டும். கையெழுத்து கிடைக்காது!"

காளிமுத்து மேசையில் ஓங்கி அறைந்த அறையில் நாகமுத்துவின் கோப்பி பாதி சாசருக்கு வந்துவிட்டது. நாகமுத்து அதைத் திரும்பக் கோப்பைக்குள் ஊற்றிக்கொண்டான். சண்டை நடக்கும் இடத்தில் கோப்பியைக் காப்பாற்றுவது அவனுக்குப் பழக்கம்.

ஜாசின் பஸ் நிலையத்துக்கு எதிரே, மளிகைக் கடை மாடியில் இருக்கிறது ஷாந்தினியின் துப்பறியும் அலுவலகம். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பதினைந்து வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தவள். ஒரு நாள் மேலதிகாரியின் மைத்துனனுடைய பொய்யையும் பிடித்துத் தொலைத்தாள். மறுமாதம் சொந்தக் கடை போட்டுவிட்டாள். நாகமுத்து அவளுக்கு டிரைவர், குமாஸ்தா, கோப்பி கலக்குகிறவன், சகலமும். முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவன். ஐம்பது வயதாகியும் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "தினம் நாப்பது பிள்ளைங்கள ஏத்தி எறக்கினேன், ஆசை தீர்ந்து போச்சு" என்பான்.

"அங்கிள், மொத்தத்தையும் முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் ஷாந்தினி.

காளிமுத்துவுக்கு அறுபத்து மூன்று வயது. அவருக்குப் பக்கத்து நாற்காலியில், துண்டு சுற்றிய ஒரு நீளமான சாமான் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. துண்டை விலக்கினார். மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மிஷின். கீழே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். அதன் நெற்றியில் காய்ந்த சந்தனப் பொட்டு.

"மிஷினுக்கும் பொட்டாண்ணே?" என்றான் நாகமுத்து.

"சோறு போடுறதுலா இது. ஆயுத பூஜைக்கு இதுக்குத்தான் மொதப் பொட்டு. அதுக்கப்புறம்தான் எனக்கு."

பத்து பெரண்டாம் ஊர்த் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் மிஷின் பழுது பார்த்தவர் அவர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமநிதி, மகள் கல்யாணத்திலும் வீட்டுக் கூரையிலும் கரைந்தது. காவல்காரன் வேலைக்குப் போகலாம் என்றார்கள் நண்பர்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொருவன் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு மனம் வரவில்லை. பழைய மிஷின் ஒன்றை வாங்கினார். கிளேபாங் கடற்கரை மணலில் கல்யாண மோதிரத்தைத் தொலைத்தவர்கள், புல்லுக்குள் கார் சாவியை விட்டவர்கள், நிலத்தின் மூலையில் பதித்த எல்லைக் குழாய் எங்கே என்று தெரியாமல் பக்கத்துத் தோட்டக்காரனோடு மல்லுக்கட்டுகிறவர்கள், எல்லாரும் அவருக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். கிடைத்தால் கூலி. கிடைக்காவிட்டால் பெட்ரோல் காசு மட்டும். மூன்று வருடமாக அவர் வீட்டில் அடுப்பு எரிவது இப்படித்தான்.

"எனக்கு ஒரு சட்டம் உண்டும்மா. தோண்டி எது வந்தாலும், சோடா மூடியா இருந்தாலும் சரி, இடத்துக்காரங்க கண்ணு முன்னால தூக்கிக் காட்டுவேன். 'பார்த்துக்கோங்க'ன்னு சொல்லுவேன். அப்புறம்தான் டின்ல போடுவேன். மூணு வருஷத்துல ஒருத்தன் கூட என்னக் குத்தம் சொன்னதில்ல. இப்ப இந்தப் புவனேந்திரன்..."

கதை இதுதான். ஜாசினுக்கு வெளியே புவனேந்திரன் என்பவருக்கு மூன்று ஏக்கர் செம்பனைத் தோட்டம். அவர் மனைவி பவானேஸ்வரி, காலையில் உதிரிப் பழம் பொறுக்கும்போது தாலிச் செயினைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னாள். காளிமுத்துவைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் மரம் மரமாகத் தேடினார். கிடைக்கவில்லை. பெட்ரோல் காசை வாங்கிக்கொண்டு போனார். மறுநாளே புவனேந்திரன் ஃபேஸ்புக்கில் ஏற்றிவிட்டார்: தாலி கிடைத்தது, இவன்தான் அமுக்கிவிட்டான். கூடவே காளிமுத்துவின் முகம், கார் எண், தாலியின் படம்.

"பத்து நாளா ஒரு போன் வரல. வந்த ஆளுங்களும் வேணாம்னுட்டாங்க. இன்னிக்கு சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் கெடு. தாலியக் கொண்டாந்து வைக்கணும். இல்ல, 'நான்தான் எடுத்தேன், மன்னிச்சிடுங்க'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, மிஷினையும் அவர்கிட்ட ஒப்படைக்கணும். ரெண்டும் இல்லன்னா பாலாய்ல போலீஸ் ரிப்போர்ட்டாம். போலீஸ் வரட்டும்மா. செய்யாத தப்புக்கு நான் குனிய மாட்டேன்."

ஷாந்தினி போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்தது. பவானேஸ்வரியின் பட்டுப் புடவைமேல் தாலி கிடந்தது. செயினில் தாலியோடு வரிசையாக நாலு ஊக்கு. மூன்று சாதாரண ஊக்கு. நாலாவது குழந்தைகளின் அரைத்துணிக்குக் குத்துவது, இளஞ்சிவப்பில் பிளாஸ்டிக் வாத்துத் தலை வைத்தது.

"இது தாலியா, தையல் கடையா?" என்றான் நாகமுத்து.

"பொம்பளைங்க தாலிச் செயின்லதான்ணே ஊக்கு மாட்டி வைப்போம். அவசரத்துக்கு வேற எங்க போயித் தேடுறது? கல்யாணம் பண்ணியிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்." அவள் எழுந்தாள். "அங்கிள், நீங்க வீட்டுக்குப் போங்க. நாங்க அந்த வீட்டப் பார்த்துட்டு வர்றோம்."

*

புவனேந்திரன் வீட்டு வாசலில் ஒரு புத்தம் புதிய கார் நின்றது. உள்ளே வரவேற்பறையில் அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். காளிமுத்து தரப்பில் வந்திருக்கிறோம் என்றதும் கோபப்படுவார் என்று நாகமுத்து நினைத்தான். மனிதர் உற்சாகமாகத்தான் பேசினார்.

"எனக்கு அந்த ஆளு மேல தனிப்பட்ட விரோதம் ஒண்ணும் இல்லலா. தாலி வந்தா போதும். என்ன ரெண்டு நாள் வெயில்ல நிக்க வெச்சான். வீட்டுக்குள்ளயும் மிஷின ஓட்டச் சொன்னேன், அலமாரி, மெத்தை, அரிசி டப்பா ஒண்ணு விடாம. ஒண்ணுமே கத்தல. அப்ப எங்க போச்சு? அவன் பாக்கெட்டுக்குத்தான் போச்சு."

"தோட்டத்துல விழுந்த தாலிக்கு வீட்டுக்குள்ள எதுக்கு சார் மிஷின்?" என்று கேட்டாள் ஷாந்தினி.

புவனேந்திரன் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். "எல்லா இடமும் பார்த்துடணும்ல?" என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்து பளபளப்பான ஒரு தாளை எடுத்து நீட்டினார். அட்டை முழுக்கத் தங்கக் காசுகளின் படம். "அத விடுங்க. இதப் பாருங்க. வீட்டுல சும்மா கிடக்கிற நகையக் குடுத்தா, மாசாமாசம் பங்கு வரும். படிச்சவங்க நடத்துற ஸ்கீம். நான் ரெண்டு தடவ போட்டாச்சு. நீங்களும் சேருங்க."

"என்கிட்ட இருக்கிற தங்கம் ஒரு பல்லு மட்டும்தான் சார்," என்றான் நாகமுத்து. "அதையும் குடுத்துட்டா முறுக்கு தின்ன முடியாது."

அப்போது பவானேஸ்வரி சிரப் தண்ணீர் கொண்டுவந்தாள். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கைகளில் கண்ணாடி வளையல். காதுத் துளைகளில் தோடு இல்லை; துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தாள். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் கிழங்கு. நாகமுத்து பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். காதையும் கையையும் மொட்டையடித்துவிட்டு ஒரு மனிதர் தங்கக் காசுப் படம் காட்டுகிறாரே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, அந்தச் செயின் அப்படியே முழுசா விழுந்துடுச்சா?" என்றாள் ஷாந்தினி.

"ஆமாம்மா. கொக்கி விட்டுப் போச்சு போல. குனிஞ்சு நிமிர்ந்தேன், கழுத்து லேசா இருந்துச்சு. அப்படியே போச்சு."

"பாவம். அட, என் பேக் வாரு வேற பிஞ்சு போச்சு பாருங்க. ஒரு ஊக்கு இருக்குமாக்கா?"

பவானேஸ்வரியின் கை அவளைக் கேட்காமலே கழுத்துக்குப் போனது. மஞ்சள் கயிற்றை முந்தானைக்குள்ளிருந்து இழுத்து, விரலுக்கு முதலில் அகப்பட்ட ஊக்கைக் கழற்றி நீட்டினாள். ஷாந்தினி அதை வாங்கிப் பையின் வாரில் குத்திக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அந்த வாரில் எந்தப் பிசகும் இல்லை என்பது நாகமுத்துவுக்குத் தெரியும். போன வாரம் அதை வாங்க அவளைக் கடைக்குக் கூட்டிப்போனவனே அவன்தான்.

*

காரில் ஏறியதும் பொறுமை போய்விட்டது அவனுக்கு.

"மேடம், வந்த வேலை என்ன, நீங்க ஊக்கு வாங்கிட்டு வர்றீங்க. பத்து காசுக்கு பசார்ல ஒரு அட்டையே தருவான்."

"இந்த ஊக்கு தர மாட்டான்ணே." ஷாந்தினி பையை அவன் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

இளஞ்சிவப்பு வாத்துத் தலை.

நாகமுத்து சாவியைத் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். போனை எடுத்துப் படத்தைப் பார்த்தான். பையைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். அதே வாத்து, அலகில் அதே கீறல்.

"செயின் முழுசா கழண்டு செம்பனைக்குள்ள விழுந்துச்சு," என்றாள் ஷாந்தினி. "அதுலேர்ந்து வாத்து மட்டும் எழுந்து வீட்டுக்கு நடந்து வந்துச்சா?"

"அலமாக்! அப்ப தாலி தொலையவே இல்ல!"

"கழட்டினது அந்தக்கா. அவசரமே இல்லாம, ஒக்காந்து, ஊக்கெல்லாம் எடுத்துப் புதுக் கயித்துல கோத்துக்கிட்டு, அப்புறம் தாலிய ஒளிச்சு வெச்சிருக்கு. வளையல் போச்சு, தோடு போச்சு, அடுத்து இதுதான்னு தெரிஞ்சிருக்கும். புருஷனுக்கும் சந்தேகம். அதான் வீட்டுக்குள்ள மிஷின ஓட்டச் சொன்னாரு."

"அடகுக் கடைல வெச்சிருக்கும்."

"பணத்துக்காகக் கழட்டியிருந்தா பணம் எங்க? அந்தக் காதுல இருந்தது ஈர்க்குச்சி. தாலி பத்திரமா எங்கயோ இருக்கு. மிஷின் தேடியும் கத்தாத ஒரு இடத்துல. அப்படி ஒரு இடம் இருக்குன்னு அந்தக்காவுக்கு யாரு சொல்லியிருப்பா?"

நாகமுத்து யோசித்தான். பதில் கிடைத்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே காரைக் கிளப்பினான். "நம்ம மிஷின் ஆளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்."

*

பத்து பெரண்டாமில், விமானம் இறங்கும் பாதைக்குக் கீழே ஒரு தாமான் குடியிருப்பு. காளிமுத்துவின் வீட்டுப் பின்கட்டில், சுவர் நீளத்துக்குப் பலகை அடித்து மைலோ டின்களை வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொரு மூடியிலும் கறுப்பு மையில் ஊரும் தேதியும்.

"குப்பைக்கு இவ்ளோ மரியாதை குடுக்கிற மனுஷன நீங்க பார்த்திருக்கீங்களா?" என்றாள் அவர் மனைவி முத்தாயி. "ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது. அன்னிக்குத்தான் தொறந்து பழைய இரும்புக்காரனுக்குப் போடுவாரு."

"அங்கிள், அந்த வீட்டுல ரெண்டாவது நாள் டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேம்மா. வீட்டுக்குள்ள ஓட்டச் சொல்றதுக்கு முன்னால. அந்தம்மாதான் பின்வாசப் படிக்கட்டுல கொண்டாந்து குடுத்துச்சு."

"என்ன கேட்டாங்க?"

"மிஷினப் பத்தித்தான். டின்ன எப்பத் தொறப்பேன்னும் கேட்டுச்சு. இந்தக் காலத்துல யாரு அக்கறையா கேக்குறா? நல்லா விளக்கமா சொன்னேன்." அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "தோட்டத்துல இரும்பு ஜாஸ்திம்மா. அரிவா துண்டு, முள்ளுக்கம்பி, ஆணி. எல்லாத்துக்கும் கத்தினா வேலை ஓடாது. மொத நாள் ஆணியாத் தோண்டி அலுத்துப் போயி, ரெண்டாவது நாள் இரும்பக் கண்டுக்காதன்னு செட் பண்ணிட்டேன். 'இதுக்குத் தெரியாத இடம் இருக்காண்ணே'ன்னு அந்தம்மா கேட்டுச்சு. ஏன் இல்ல, இரும்பு டப்பாக்குள்ள ராஜா கிரீடத்த வெச்சாலும் இது வாயத் தொறக்காது, இதோ இந்த மைலோ டின்னுக்குள்ள..."

அவர் நிறுத்திவிட்டார். தலை மெதுவாகப் பலகைப் பக்கம் திரும்பியது.

ஷாந்தினி அந்த டின்னை இறக்கினாள். ஜாசின், தேதி, காளிமுத்துவின் கையெழுத்து. நாகமுத்து நாளிதழை விரித்தான். கொட்டினார்கள். சோடா மூடி, கேன் வளையம், துருப்பிடித்த ஆணி, உடைந்த பூட்டு. கடைசியில், டின்னின் அடியிலிருந்து, பச்சை ரவிக்கைத் துணியில் முடிந்த ஒரு சின்ன மூட்டை பொத்தென்று விழுந்தது.

முடிச்சை அவிழ்த்தாள். தாலி.

முத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள். காளிமுத்து நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாகமுத்துவின் கால்கள் தானாக ஓர் அடி பின்னுக்குப் போயின. திருடவில்லை என்று மேசையை அறைந்தவரின் வீட்டிலேயே இருக்கிறதே என்று ஒரு விநாடி நினைத்தான். நினைத்ததற்காக அடுத்த விநாடியே வெட்கப்பட்டான்.

"நான் எடுக்கலம்மா," என்றார் காளிமுத்து.

"தெரியும் அங்கிள். இதப் பாருங்க." தாலியில் புதுக் குங்குமம் வைத்திருந்தது. துணிக்குள் ஒரு துண்டு மஞ்சளும் இருந்தது. "எந்தத் திருடன் திருடின தாலிக்குக் குங்குமம் வைப்பான்? நீங்க வீட்டுக்குள்ள மிஷின் ஓட்டப் போறீங்கன்னு தெரிஞ்சதும், அரிசிக்குள்ளயோ எங்கயோ வெச்சிருந்தத எடுத்து, உங்க டின்னோட அடியில போட்டுட்டாங்க. ஆயுத பூஜைக்கு முன்னால வந்து கேட்டு வாங்கிக்கலாம்னு இருந்திருப்பாங்க. புருஷன் உங்களத் திருடன்னு சொல்லுவாருன்னு அவங்க எதிர்பார்க்கல."

மணி மூன்றரை. நாகமுத்துவுக்கு மூளை சுறுசுறுப்பாகிவிட்டது.

"ரொம்ப ஈசிண்ணே. இப்பவே போவோம். ஒரு செம்பனை அடியில இத நழுவ விடுவோம். நீங்க மிஷின எடுத்துட்டு அப்படி ஒரு நடை நடங்க. பீப்! கிடைச்சாச்சு. அந்தக்காவும் தப்பிச்சிடும், நீங்களும் தப்பிச்சீங்க. கூலி கூட வாங்கிக்கலாம்."

காளிமுத்து தலை நிமிர்ந்தார். இவ்வளவு நேரம் தளர்ந்து கிடந்த முகம் மறுபடி இறுகியது.

"புதைச்சு வெச்சு எடுக்கிறதா? அத செஞ்சா அவன் சொன்னது மாதிரி நான் கள்ளன்தான். இந்த மிஷின் மூணு வருஷத்துல ஒரு பொய் சொன்னதில்ல. அதோட, கிடைச்ச அடுத்த நிமிஷமே அந்த ஆளு தாலியத் தூக்கிட்டு ஸ்கீமுக்கு ஓடுவான். அதுக்கா அந்தம்மா இவ்ளோ பாடுபட்டுச்சு?"

"அப்ப உண்மையச் சொல்லிடுவோம். பொண்டாட்டிதான் வெச்சாங்கன்னு."

"சொல்ல மாட்டேன். அந்தம்மா சொன்னா சொல்லட்டும். நான் காட்டிக் குடுக்க மாட்டேன்."

"மிஷின் போயிடுமேங்க," என்றாள் முத்தாயி. அழவில்லை, கேட்டாள், அவ்வளவுதான்.

"போனா போகட்டும் முத்தாயி. கடன் வாங்கியாவது இன்னொண்ணு வாங்கிக்கலாம்." சொல்லிவிட்டு மிஷினின் பொட்டைப் பார்த்தார். அது அவ்வளவு சுலபமில்லை என்பது அந்தப் பின்கட்டில் இருந்த நாலு பேருக்கும் தெரியும்.

ஷாந்தினி தாலியைத் துணியில் முடிந்து டின்னுக்குள் வைத்து, மேலே குப்பையைக் கொட்டி மூடினாள். "அஞ்சு மணிக்குப் போவோம் அங்கிள். டின்னையும் எடுத்துட்டுத்தான் போறோம்."

*

புவனேந்திரன் சாட்சிக்கு ஆள் வைத்திருந்தார். கோவில் தலைவர் தம்புசாமி சோபாவில் சங்கடமாக உட்கார்ந்திருந்தார். மேசைமேல் தட்டச்சு செய்த கடிதமும் பேனாவும். பவானேஸ்வரி அடுக்களை வாசலில் நின்றாள்.

காளிமுத்து மிஷினை மேசைமேல் கிடத்தினார். பக்கத்தில் டின்னை வைத்தார். பவானேஸ்வரியின் கண் அந்த டின்னில் விழுந்தது; அப்புறம் அங்கிருந்து நகரவில்லை.

"தாலி எங்க?" என்றார் புவனேந்திரன்.

"நான் எடுக்கல. கையெழுத்தும் போட மாட்டேன். மிஷின் வேணுமா, தலைவரு முன்னால எடுத்துக்குங்க. பாலாய்க்குப் போகணுமா, வாங்க, நானே வண்டி ஓட்டுறேன்."

"தலைவரே, பார்த்தீங்களா திமிர! ரெண்டு நாள் என் தோட்டத்துல சுத்தினவன் வேற யாரு? அந்த டின்னு எதுக்கு?"

"அன்னிக்கு உங்க மண்ணுல கிடைச்ச குப்பை. என் சட்டப்படி அது எனக்குத்தான். கேக்கிறதுக்கு முன்னால கொண்டாந்துட்டேன்."

நாகமுத்து டின்னுக்கு ஓர் அடி நெருங்கி நின்றுகொண்டான். ஒரு மூடிதான் நடுவில். புவனேந்திரன் அதைத் திறந்தால் காளிமுத்துவின் கதை முடிந்தது. என்ன தைரியத்தில் இதைக் கொண்டுவரச் சொன்னாள் என்று ஷாந்தினியைப் பார்த்தான். அவள் பையின் வாரிலிருந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்று பவானேஸ்வரியிடம் போனாள். "காலைல குடுத்தீங்கல்ல, உங்க ஊக்கு. பத்திரமா வெச்சுக்குங்க. அழகான வாத்து. உங்க பாப்பாவோடதா?"

பவானேஸ்வரி ஊக்கை வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஷாந்தினியின் முகத்தைப் பார்த்தாள். தெரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள். தெரிந்தும் இவர்கள் வாயைத் திறக்கவில்லை என்பதும் அவளுக்குப் புரிந்தது.

புவனேந்திரன் மிஷினைத் தூக்கினார். "சரி, இது இங்கயே இருக்கட்டும்..."

"அதக் கீழ வைங்க."

பவானேஸ்வரியின் குரல் அந்த வீட்டில் அந்த உயரத்துக்கு இதற்குமுன் எழுந்ததே இல்லை போலும். தம்புசாமி கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தாலி தொலையல. நான்தான் கழட்டினேன்."

"என்ன உளர்ற?"

"வளையல் குடுத்தேன். தோடும் போச்சு. ஒரு வெள்ளி பணம் திரும்பி வரல, நீங்க புதுக் கார் வாங்கினதுதான் மிச்சம். போன மாசம் 'அதையும் கழட்டு'ன்னீங்க. கழட்டிட்டேன். உங்ககிட்ட குடுக்கல, அவ்வளவுதான்." அவள் மேசைக்கு வந்தாள். டின்னின் மூடியை நெம்பித் திறந்து, குப்பைக்குள் கையை விட்டு, பச்சைத் துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தாள். "இந்த அண்ணன் டின்ல போட்டது நான். அவருக்குத் தெரியாது. பத்து நாளா அவரத் திருடன்னு ஊர் பூரா சொன்னீங்க. நான் பயந்துக்கிட்டு வாயத் தொறக்கல. அந்தத் தப்பு என்னோடது. என்ன மன்னிச்சிடுங்கண்ணே."

காளிமுத்து கையைக் கூப்பினார்.

புவனேந்திரனின் கண்ணுக்குத் தாலியைத் தவிர வேறு எதுவும் படவில்லை. "சரி சரி, கிடைச்சுதுல்ல. குடு இப்படி." கையை நீட்டினார்.

பவானேஸ்வரி அந்தக் கையைத் தாண்டி நடந்தாள். துணியோடு தாலியைக் காளிமுத்துவின் கையில் வைத்தாள்.

"ஆயுத பூஜைக்குத்தானே தொறப்பீங்க? அதுவரைக்கும் உங்க டின்லயே இருக்கட்டும்ண்ணே. அப்புறமும் நான் கேட்டாத்தான் குடுக்கணும்."

"பைத்தியமா உனக்கு! கட்டின புருஷன் மேல இல்லாத நம்பிக்கை, இந்தக் குப்பை பொறுக்கிற ஆளு மேலயா?"

"ஆமா," என்றாள் பவானேஸ்வரி. "ரெண்டு நாள் நம்ம மண்ணத் தோண்டினாரு. ஒரு துருப்பிடிச்ச ஆணியக் கூட என்கிட்ட காட்டாம எடுத்துப் போகல. நீங்க என் காதுத் தோட்ட எடுத்துட்டுப் போனது, நான் குளிச்சிட்டு வந்து பார்த்தப்பத்தான் எனக்குத் தெரியும்."

தம்புசாமி எழுந்தார். மேசைமேல் இருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "போன எடுய்யா. அந்தப் போஸ்ட்ட எடுத்துட்டு, நடந்தது என்னன்னு எழுது. நான் இங்கயே நிக்கிறேன். நீ எழுதுறியா, இல்ல கோவில் குரூப்புல நான் எழுதட்டா?"

புவனேந்திரன் போனைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். வழக்கமாக இந்த இடத்தில் நாகமுத்து ஏதாவது சொல்லியிருப்பான். அன்றைக்கு மிஷினை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

காளிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். டின்னை இடுக்கிக்கொண்டார். பிறகு, மூன்று வருடமாகச் செய்கிற வேலையைச் செய்வது போல, தாலியை இரண்டு விரலால் தூக்கி, பவானேஸ்வரியின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"பார்த்துக்கோங்கம்மா," என்றார்.

அவள் பார்த்து, தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் அவர் அதை டின்னுக்குள் போட்டு மூடினார்.